படிக்க உத்தரவு கேட்ட பிள்ளை



நான் எழுத்தாளனல்லன். இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊரொன்றில், காலையில் மத்ரஸாவில் ஓதி, பகலில் ஊர் ஆரம்பப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்து, பிறகு தராசைப் பிடித்தவன். 1998ஆம் ஆண்டு பினாங்குக்கு வந்தேன். அன்று முதல் இன்று வரை மளிகைக் கடையே எனக்குப் பள்ளிக்கூடம். இந்தப் பத்திரிகையில் கற்றவர்கள் எழுதும் பக்கத்தில் நானும் சில வரிகள் எழுதத் துணிந்ததற்குக் காரணம், என் கடையில் நடந்த ஒரு சிறு சம்பவம். அதில் எழுந்த கேள்வி என் கடைக்கு மட்டும் உரியதன்று. கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் நம்மில் பலருக்கும் உரியது.

கேள்வி இதுதான்: நாம் ஆதரித்து வளர்த்த ஒரு பிள்ளை, நம் கடைக்கு அவன் மிகவும் தேவைப்படும் வேளையில், "நான் மேலே படிக்கப் போகிறேன், உத்தரவு கொடுங்கள்" என்று வந்து நின்றால், அவனைத் தடுத்து நிறுத்த நமக்கு உரிமை உண்டா? நாம் செய்த உதவிக்கு அவன் காட்ட வேண்டிய நன்றி அவன் காலைக் கட்டும் கயிறாகுமா?

நடந்ததைச் சொல்லுகிறேன்.

என் ராத்தாவின் கணவர் 2017ஆம் ஆண்டு மவுத்தாகிவிட்டார். அப்போது என் மருமகனுக்கு வயது பதினொன்று. அவனுக்கு ஒரு தங்கையும் உண்டு. மச்சான் விட்டுச் சென்றது வாடகை வீடும் சிறிது கடனுமே. அந்த மாதம் முதல் ராத்தாவின் வீட்டுச் செலவுக்கு மாதம் 400 வெள்ளி கொடுத்து வந்தேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் வரும் கணக்குக்கு இது தேவைப்படுவதால் சொல்லுகிறேன். பையன் நான்காம் படிவத்துக்கு வந்ததும் தானாகவே கடைக்கு வரத் தொடங்கினான். பள்ளிவிட்டு வந்து மாலையில் மூன்று மணி நேரம் நிற்பான். சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஆறு ஆறு மணி நேரம். மலாய் பேசுவான், தமிழ் பேசுவான், அடுத்த கடைச் சீனரிடம் ஹொக்கியனில் விலை பேசுவான். மொத்த வியாபாரியின் சீட்டில் தவறிருந்தால் பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிடுவான். நான் மெல்ல மெல்லச் சாவியை அவனிடம் கொடுக்கப் பழகிவிட்டேன். இன்னும் ஐந்தாண்டில் கடையை அவன் பார்த்துக்கொள்வான், நான் ஊருக்கும் இங்குமாக இருப்பேன் என்று என் மனத்தில் ஒரு கோட்டை எழும்பியிருந்தது. அந்தக் கோட்டையைப் பற்றி அவனிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை; கேட்டதுமில்லை.

2024 மே மாதக் கடைசியில் எஸ்.பி.எம். முடிவு வந்தது. நன்றாகவே தேறியிருந்தான். சில வாரங்கள் கழித்து ஓர் இரவு, கடைக் கதவை இழுத்து மூடிய பிறகும் வீட்டுக்குப் போகாமல், அரிசி மூட்டைகளின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். "என்னப்பா?" என்றேன்.

"மாமா, தெற்கே ஒரு பாலிடெக்னிக்கில் மின்பொறியியல் டிப்ளோமாவுக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஏறக்குறைய மூன்று வருஷம். உங்களிடம் சொல்லாமல் மனுப் போட்டது தப்புத்தான். நீங்கள் உத்தரவு கொடுத்தால் போகிறேன்" என்றான்.

"கொடுக்காவிட்டால்?"

சிறிது நேரம் தரையைப் பார்த்தான். பிறகு தலையை நிமிர்த்தி, "மறுபடியும் கேட்பேன், மாமா" என்றான்.

எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்கவில்லை. "நாளைக்குப் பேசுவோம்" என்று அனுப்பிவிட்டேன். அந்த நாளை வர மூன்று நாளாயிற்று. அந்த மூன்று நாளும் என் மனம் பட்ட பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் நாள் என் பக்கத்து நியாயங்களையெல்லாம் அடுக்கிப் பார்த்தேன். அவை வெறும் சாக்குகளென்று தள்ளத்தக்கவையல்ல. கடையும் ஒரு கல்விக்கூடந்தானே! சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு வேலை தேடி அலையும் வாலிபர்களை நாம் பார்க்கவில்லையா? நம் முன்னோர்கள் எந்தக் கல்லூரியில் படித்துவிட்டுக் கப்பலேறினார்கள்? அவர்களுடைய உழைப்பல்லவா இந்த நாட்டில் நமக்கு மஸ்ஜிதுகளையும் கடைவீதிகளையும் கொடுத்தது? மேலும், விதவைத் தாயைப் பேணுவது மகனின் கடமையன்றோ? அவன் போய்விட்டால் அவளுக்கு யார் துணை? இவ்வளவுக்கும் மேலாக, எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சொல் கிடந்தது: "நான் வளர்த்த பிள்ளை." மற்ற நியாயங்கள் எல்லாம் இந்த ஒரு சொல்லுக்குப் போட்ட சட்டைகளே என்பது இரண்டாம் நாள்தான் எனக்குப் புலனாயிற்று.

இரண்டாம் நாள் இரவு, வியாபாரிக்குத் தெரிந்த ஒரே வழியில் உண்மையைத் தேடினேன். பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் அவன் பெயரைப் போட்டு, பற்று ஒரு பக்கமும் வரவு ஒரு பக்கமுமாக எழுதினேன். அவன் வேலை வாரத்துக்கு 27 மணி நேரம். மணிக்கு 7 வெள்ளி என்று குறைத்துப் போட்டாலும் வாரம் 189 வெள்ளி; நான்கு வாரத்துக்கு 756. நான் அவன் வீட்டுக்குக் கொடுத்தது 400, அவன் கைச்செலவுக்கு 100, ஆக 500. மாதந்தோறும் 256 வெள்ளி அவன் பக்கம் பாக்கி நிற்கிறது! அவனுக்குப் பதிலாக முழுநேர ஆள் வைத்தால் அவ்வாண்டுச் சட்டப்படி குறைந்த சம்பளமே 1,500 வெள்ளி. நான் அவனை ஆதரித்து வருவதாக நினைத்திருந்தேன். இரண்டு ஆண்டுகளாக அவனும் என்னை ஆதரித்து வந்திருக்கிறான் என்று கணக்கு சொல்லிற்று.

உடனே என் மனம் வேறொரு வழி கண்டுபிடித்தது. "அவன் கடைக்கு வருவதற்கு முன்னே, 2017 முதல் மாதம் 400 கொடுத்தாயே, அதைப் பற்றில் எழுது" என்றது. எழுதினால் கணக்கு என் பக்கம் சாய்ந்துவிடும். பேனாவையும் எடுத்துவிட்டேன். அப்போதுதான் என் கை நின்றது.

மச்சான் மவுத்தான அன்று அந்தப் பணத்தை எந்த நிய்யத்தோடு கொடுக்கத் தொடங்கினேன்? யத்தீம் பிள்ளைகளுக்காக, அல்லாஹ்வுக்காக என்றுதானே! அன்று அல்லாஹ்வின் கணக்கில் எழுதியதை இன்று மருமகனின் பெயரில் பற்று எழுதலாமா? ஒரே மூட்டை அரிசியை ஒருவருக்கு விற்றுக் காசு வாங்கிக்கொண்டு, மறுநாள் அதே மூட்டையை இன்னொருவருக்கு விற்கிற வியாபாரியை நாம் என்ன பெயரிட்டு அழைப்போம்? மறுமையில் கூலியை எதிர்பார்த்துக் கொடுத்ததற்கு இம்மையில் ஓர் ஆளின் வாழ்நாளையும் கூலியாகக் கேட்பது அந்த வியாபாரமே.

சகோதரர்களே! உதவி வேறு, கடன் வேறு. இரண்டும் ஹலாலானவை, ஆனால் இரண்டையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. கடனென்றால் கொடுக்கும்போதே தொகையும் தவணையும் பேசி எழுத வேண்டும். கடனை எழுதி வைக்கும்படி மார்க்கம் நமக்குக் கற்பித்திருப்பதன் பொருளும் அதுதான். எழுதப்பட்ட கடனுக்கு ஒரு முடிவு உண்டு. அடைத்தவன் தலை நிமிர்ந்து போகலாம். தொகை சொல்லாமல், தவணை சொல்லாமல், "நான் உனக்கு எவ்வளவு செய்தேன்!" என்று நாக்கின் நுனியில் வைத்திருக்கும் கடனோ என்றைக்கும் அடைபடாது. அப்படிப்பட்ட கடனில் ஒருவனைப் பிடித்து வைப்பது அவனை அடிமை கொள்வதற்குச் சமீபமானது. நன்றி என்பது அவன் உள்ளத்திலிருந்து தானாக வரவேண்டிய பொருள். நாம் கை நீட்டிக் கேட்டு வாங்கினால் அது நன்றியாக இராது, வசூலாகிவிடும்.

மூன்றாம் நாள் என் சொந்தக் காரியம் ஒன்று நினைவுக்கு வந்தது.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்தபோது, எங்கள் ஆசிரியர், "இவனை ஆறாம் வகுப்பில் சேர்த்துவிடுங்கள், கணக்கு நன்றாக வருகிறது" என்று என் வாப்பாவிடம் சொன்னார். பள்ளிக்கூடத்தில் சம்பளமில்லை, படிப்பு இலவசந்தான். ஆனால் வாப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தது. வீட்டில் ஐந்து பேர். நான் ஒரு கடையில் நின்றால் மாதம் சிறிது காசு வரும். வாப்பா என் முகத்தைப் பார்த்தார். "உனக்கு எப்படி மகனே?" என்று கேட்டார். என் உள்ளத்தில் ஆசை இருந்தது. பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளியின் வாசலைப் பலமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். ஆனாலும், "கடைக்கே போகிறேன், வாப்பா" என்றேன். அவர் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டதை இன்றும் கேட்கிறேன்.

நான் அன்று செய்தது தியாகமென்று இத்தனை ஆண்டுகளாக நினைத்திருந்தேன். பாதி தியாகம் என்பது உண்மையே. மறு பாதி பயம். "வாப்பா, எனக்குப் படிக்க வேண்டும் போலிருக்கிறது" என்று சொல்லியிருந்தால் அவர் மறுத்திருக்கலாம்; அல்லது ஏதாவது வழி தேடியிருக்கலாம். கேட்காததால் அவருக்கு வழி தேடும் சந்தர்ப்பத்தையே நான் கொடுக்கவில்லை. ஆசை எல்லாப் பிள்ளைகளுக்கும் இருக்கிறது, அதற்குச் செலவில்லை. அந்த ஆசையை, மறுக்கும் அதிகாரமுள்ள ஒருவரின் முன்னால் கொண்டுபோய் வைத்து, "இதுதான் என் விருப்பம்" என்று சொல்வதற்குத்தான் துணிவு வேண்டும். பதினொரு வயதில் என்னால் முடியாததை, பதினெட்டு வயதில் என் மருமகன் அரிசி மூட்டைகளின் பக்கத்தில் நின்று செய்தான். அதற்கல்லவா நான் கோபப்பட்டேன்!

மத்ரஸாவில் எங்கள் ஹஜ்ரத் சொன்ன ஒரு வரலாறும் அன்று எனக்குக் கைகொடுத்தது. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபா நகரில் பட்டுத் துணி வியாபாரி என்பதை நாமனைவரும் அறிவோம். அவர்களுடைய பாடத்தில் வந்து உட்காரும் ஏழைப் பையன் ஒருவன் இருந்தான். யஃகூப் என்பது பெயர். வீட்டில் வறுமை. தகப்பனார் தடுத்தாரென்று ஓர் அறிவிப்பும், தகப்பனாரை இழந்த பிள்ளையை, நூல் நூற்றுப் பிழைத்த தாயார் பாடத்திலிருந்து எழுப்பி வேலைக்கு இழுத்துச் சென்றாரென்று மற்றோர் அறிவிப்பும் நூல்களில் காணப்படுகின்றன. எப்படியானாலும், அந்தப் பெற்றோரை நாம் குறை சொல்வதற்கில்லை. அடுப்பெரிய வேண்டுமென்பது அவர்களுடைய கவலை. இமாமவர்களும் அவர்களுக்கு உபதேசம் செய்துகொண்டிருக்கவில்லை. பையனின் கையில் பண முடிப்பைக் கொடுத்து, பாடத்துக்கு வரச் சொன்னார்கள். தீருமுன்னே மறுபடியும் கொடுத்து வந்தார்கள். அந்தப் பையன்தான் பின்னாளில் கலீஃபா ஹாரூன் ரஷீத் அவர்களின் காலத்தில் தலைமைக் காழியாக விளங்கி, ஹிஜ்ரி 182இல் மறைந்த இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்கள்.

இந்த வரலாற்றைச் சிறுவயதில் கேட்டபோது, படித்துப் பெரியவரான பையனைப் பற்றிய கதை என்று நினைத்தேன். நாற்பதைத் தாண்டிய வயதில் நினைத்துப் பார்க்கும்போது, இது ஒரு வியாபாரியைப் பற்றிய கதையாகவும் தோன்றுகிறது. அவ்வியாபாரி ஒரு முக்கியமான விஷயத்தைப் புரிந்துகொண்டிருந்தார்கள். ஏழைப் பிள்ளையின் கல்விக்குத் தடையாக நிற்பது பெரும்பாலும் ஆசிரியரின் சம்பளமன்று. அவன் படிக்கப் போவதால் வீட்டுக்கு வராமற்போகும் கூலியே. அந்தக் கூலியை யாராவது ஈடு செய்தாலன்றி, "படி, படி" என்று நாம் சொல்வதெல்லாம் காற்றோடு போகும். என் வாப்பாவின் வீட்டில் நடந்ததும் அதுவே. இன்று இந்நாட்டு அரசாங்கப் பாலிடெக்னிக்குகளில் கட்டணம் பெரிய சுமையன்று. 1997இல் ஏற்பட்ட பி.டி.பி.டி.என். கல்விக் கடன் இருக்கிறது. மாநில ஜகாத் நிறுவனங்களும் மாணவர்களுக்கு உதவுகின்றன. ஆனால் தாயின் வீட்டு வாடகையை அவையெல்லாம் கொடுத்துவிடுமா? அந்த இடத்தில்தான் உறவினரும், முதலாளியும், ஜமாஅத்தும் நிற்க வேண்டும்.

எங்கள் மாவட்டத்திலேயே இதற்கு அத்தாட்சி உண்டு. இராமேசுவரத்தில் படகு வைத்துப் பிழைத்த ஒரு குடும்பத்தில் 1931இல் பிறந்தவர் டாக்டர் அப்துல் கலாம் அவர்கள். ஊரில் படித்து, இராமநாதபுரத்துப் பள்ளிக்கும், பின்னர் திருச்சிக் கல்லூரிக்கும் சென்றார். சென்னையில் பொறியியல் கல்விக்கு இடம் கிடைத்தபோது, சேர்வதற்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் வேண்டியிருந்தது. அவர் தகப்பனாரிடம் அந்தப் பணம் இல்லை. சகோதரி ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். 2002இலிருந்து 2007 வரை இந்தியாவின் குடியரசுத் தலைவராக இருந்தவரை உலகம் அறியும். அந்த வளையல்கள் அடகுக் கடைக்குப் போன நாளில் அவர் இன்னாராக வருவாரென்று யாருக்குத் தெரியும்? தெரிந்துகொண்டு கொடுப்பது முதலீடு. தெரியாமல் கொடுப்பதே நம்பிக்கை.

நம் வியாபாரிகள் இதைத் தனித்தனியாக மட்டுமன்றிச் சேர்ந்தும் செய்திருக்கிறார்கள். தோல் வியாபாரத்துக்குப் பேர்போன வாணியம்பாடியில் 1919இலேயே இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. திருச்சியில் ஜமால் முகம்மது சாகிபு, காஜாமியான் ராவுத்தர் என்னும் இரு வணிகப் பெருமக்களின் கொடையால் 1951இல் ஜமால் முகம்மது கல்லூரி தோன்றியது. கடல் கடந்து வந்தவர்களும் சளைக்கவில்லை. சிங்கப்பூரில் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946இல் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. 1960இல் அது உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து, 1982 வரை நடந்தது. அந்தக் கடையநல்லூர் மக்களில் பலர் அன்றாடம் உழைத்துப் பிழைத்தவர்கள். தமக்குக் கிடைக்காத கல்வியை அடுத்தவர் பிள்ளைக்குக் கொடுக்கும் உள்ளம் அவர்களிடம் இருந்தது. எனக்கோ, என் ராத்தா பிள்ளையை அனுப்ப மூன்று நாள் தேவைப்பட்டது.

இவ்வளவும் சொன்னதால், படிக்க வேண்டுமென்று கேட்கும் பிள்ளைக்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்ட வேண்டுமென்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். கடை வேலை பிடிக்காமல் ஓடுவதற்கும், கல்வியை நாடிப் போவதற்கும் வேற்றுமை உண்டு. இதை அறிய எனக்குத் தோன்றிய வழி மூன்று கேள்விகள். முதலாவது: எங்கே, என்ன, எத்தனை காலம், எவ்வளவு செலவு என்று அவன் விசாரித்து வந்திருக்கிறானா? இரண்டாவது: தான் போன பிறகு வீட்டில் உள்ளவர்களுக்கு என்ன ஏற்பாடு என்று யோசித்திருக்கிறானா? மூன்றாவது: தேறாமற்போனால் என்ன செய்வான்? இம்மூன்றுக்கும் பதில் வைத்திருப்பவனின் ஆசை வெறும் கனவன்று. பதில் இல்லாதவனை விரட்ட வேண்டியதில்லை. "போய் விசாரித்துக்கொண்டு வா" என்று அனுப்பினால் போதும். மெய்யான ஆசையுள்ளவன் திரும்பி வருவான்.

மூன்றாம் நாள் இரவு மருமகனைக் கூப்பிட்டு இம்மூன்றையும் கேட்டேன். செலவை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தான். என் கணக்கைவிடச் சுத்தமாக இருந்தது. விடுதிச் செலவுக்குக் கல்விக் கடன் கேட்கப் போவதாகச் சொன்னான். "உம்மாவுக்கு?" என்றேன். "உங்களிடம் கேட்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை, மாமா. விடுமுறைக்கெல்லாம் வந்து கடையில் நிற்பேன்" என்றான். "தேறாவிட்டால்?" என்றேன். "திரும்பி வந்து உங்களிடமே சொல்வேன்" என்றான்.

பேரேட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். இரண்டு ஆண்டுக்கு மாதம் 256 வெள்ளி வீதம் 6,144 வெள்ளி அவன் பெயரில் வரவு எழுதியிருந்தது. "இது உன் கூலி பாக்கி. ஒரே தடவையில் கொடுக்க என்னால் இயலாது, மாதாமாதம் அனுப்புகிறேன். உன் உம்மாவுக்குக் கொடுக்கும் 400க்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அது வேறு கணக்கு" என்றேன். அவன் அழுதுவிட்டான். ராத்தாவும் அழுதாள். ஆனால் அவள் அழுகைக்குக் காரணம் வேறு. "வாப்பா இல்லாத வீட்டில் ஆண் பிள்ளையும் இல்லாமல் எப்படித் தம்பி?" என்று கேட்டாள். அதற்கு நிறைவான பதில் என்னிடம் இருக்கவில்லை. இன்றும் இல்லை. கல்விக்குக் கொடுக்கப்படும் விலையில் ஒரு பகுதியை எப்போதும் தாய்மார்களே கொடுக்கிறார்கள். அதை நாம் எந்தப் பேரேட்டிலும் எழுதுவதில்லை.

பிறகு நடந்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவன் போன பின் ஓர் ஆளை வைத்தேன். கடையின் லாபம் குறைந்தது. 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தபோது இரவு ஒரு மணி நேரம் முன்னதாகவே கடையைச் சாத்த முடிவு செய்தேன். மருமகன் முதல் அரையாண்டில் ஒரு பாடத்தில் தவறிவிட்டான். அன்றிரவே தொலைபேசியில் கூப்பிட்டு, "மாமா, கணிதத்தில் தேறவில்லை. மறுபடியும் எழுதப் போகிறேன்" என்றான். உத்தரவு கேட்ட இரவைவிட அன்று அவனுக்கு அதிகத் துணிவு வேண்டியிருந்திருக்கும். மறுபடி எழுதித் தேறினான். அவன் நாளைக்கு என்னவாக வருவானென்று எனக்குத் தெரியாது. பெரிய பொறியாளனாகலாம், சாதாரணச் சம்பளத்தில் ஒரு தொழிற்சாலையில் இருக்கலாம், கடைக்கே திரும்பியும் வரலாம். எப்படியானாலும் நான் கொடுத்த உத்தரவு சரியா தவறா என்பது அதைக்கொண்டு முடிவாகாது. லாபம் வந்தால்தான் நியாயம் என்பது கடைக் கணக்குக்குப் பொருந்தலாம். மனிதனுக்கு மனிதன் செய்யும் நீதிக்குப் பொருந்தாது.

இன்னொன்று. இந்தப் பேச்சுகளையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த என் மகள் ஒரு நாள், "வாப்பா, நான் வந்து கேட்டாலும் இதே மூன்று கேள்விதானா? இல்லை, எனக்கு வேறு கேள்வி உண்டா?" என்றாள். அவளுக்கு வயது பதினான்கு. எனக்கு உடனே வாய் திறக்கவில்லை. எத்தனையோ காரணங்கள் நாக்கில் வந்து நின்றன. மூன்று நாள் முன் அடுக்கிய சட்டைகளைப் போலவே அவையும் இருந்தன. கடைசியில், "அதே மூன்றுதான், மகளே" என்றேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றும் துணிவை அல்லாஹ் எனக்குத் தரவேண்டும். அந்தச் சோதனை இனிமேல்தான் இருக்கிறது.

பத்ருப் போரில் சிறைப்பட்டவர்களுள் ஈட்டுப் பணம் கொடுக்க வகையில்லாத, எழுதத் தெரிந்தவர்களை, மதீனாவின் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுக்கச் செய்து, அதையே ஈடாக ஏற்று விடுவித்தார்கள் நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். அது ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு. முஸ்லிம்களுக்குப் பணம் மிகத் தேவையாயிருந்த காலம். பணத்துக்குப் பதில் பிள்ளைகளின் எழுத்தை வாங்கிய அந்தப் பேரத்தை வியாபாரிகளாகிய நாம் அடிக்கடி நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே, சகோதரர்களே, உங்களை நான் கேட்டுக்கொள்வது பெரிய காரியமன்று. இன்றிரவு கடையைச் சாத்திய பிறகு, உங்களிடம் நிற்கும் பிள்ளையின் பெயரில், மகனோ, மருமகனோ, ஊரிலிருந்து வந்தவனோ, ஒரு பக்கம் கணக்கு எழுதிப் பாருங்கள். அல்லாஹ்வுக்காகக் கொடுத்ததை அதில் சேர்க்காதீர்கள். பாக்கி யார் பக்கம் நிற்கிறதென்று தெரிந்துவிடும். அதன் பிறகு, அவன் கேட்கட்டும் என்று காத்திராமல் நீங்களே, "உனக்கு எப்படி மகனே?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, என் வாப்பாவைப்போல் உடனே பெருமூச்சு விட்டுவிடாதீர்கள். இன்னும் சிறிது நேரம் அவன் முகத்தைப் பாருங்கள். என்னைப் போல் வாய்மூடி நின்ற பிள்ளையாகவும் அவன் இருக்கலாம்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குக் கேட்கும் துணிவையும், நமக்குக் கொடுக்கும் மனத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.